கேட் மூடியிருக்கும் நேரம்

ஸ்டேஷனிலிருந்து போன் வரும்.
எண் சொல்வார்கள், எழுதிக்கொள்வேன்.
கைப்பிடியைச் சுற்றினால் தடி இறங்கும்,
நீடாமங்கலத்துச் சாலை நிற்கும்.
எஞ்சின்கள் நிற்பதில்லை.

நெல் மூட்டை லாரி, தஞ்சாவூர் பஸ்,
ஐஸ் சொட்டும் மீன் வண்டி,
அறுப்பு மெஷினைச் சுமந்த டிரெய்லர்,
பள்ளிக்கூட வேன்
எல்லாம் நின்ற இடத்திலேயே ஓடுகின்றன.
எங்கும் போகாமல் எரிகிற டீசலுக்கு
எந்த ஊருக்கு டிக்கெட் கிழிப்பது?

சரக்கு ரயில் முன்னே போகும், பின்னே வரும்,
பெட்டி கோக்கும். சில நாள் அரை மணி.
அதற்குள் புகை
என் ஜன்னல் அளவுக்குத் தன்னை வெட்டித் தைத்து
உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்,
டியூட்டி மாற்ற வந்த ஆள் மாதிரி.

வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா என்றார் டாக்டர்.
இல்லை.
விறகடுப்பா?
கேஸ்தான்.
என்ன வேலை?
சொன்னேன்.
அவர் பேனா கொஞ்ச நேரம்
எதற்கோ காத்திருந்தது.

மகளின் அறிவியல் நோட்டில் இருக்கிறது:
பூமி ஒரு தேங்காய் என்றால்
நாம் மூச்சுவிடும் காற்று
அதன் மேல் தடவிய எண்ணெய்.
அவ்வளவுதானா என்று இரண்டு முறை கேட்டேன்.
அவ்வளவுதான், பரீட்சைக்கு வரும் என்றாள்.

மார்கழியில் அந்த எண்ணெயும் உறைந்துவிடுகிறது.
பனி மேலே மூடி போட,
ரைஸ்மில் குழாய் விட்டது
மேலே போக வழியில்லாமல்
தலைமட்டத்தில் நடமாடுகிறது.
பச்சைக்கொடியை உதறினால் உமிச் சாம்பல்.
சிவப்புக்கொடியை உதறினாலும் அதேதான்.

தை முடிந்தால் வயல்கள் பற்றிக்கொள்ளும்.
ராமாமிர்தம் கணக்குச் சொன்னார், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி:
மெஷின் மிதித்துப் போன வைக்கோலை மாடு முகராது,
சுருட்டுகிற மெஷினுக்கு வாடகை கட்டாது,
தீப்பெட்டி இரண்டு ரூபாய்.
சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது அவருக்கு.
துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு
யாரோ செய்துவிட்ட காரியம் போல
வானத்தைப் பார்த்தார்.

நான் மட்டும் என்ன?
போன போகிக்கு அறைக்குப் பின்னால்
பழைய டயர் ஒன்றைக் கொளுத்தினேன்.
நன்றாக எரிந்தது.

ஒரு அட்டையில் எழுதித் தடியில் கட்டினேன்:
எஞ்சினை அணையுங்கள்.
அனுமதி இல்லாத போர்டு என்று
இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர் அவிழ்க்கச் சொன்னார்.
அவர் ஜீப் அப்போதும் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு வாயால் சொன்னேன். தினமும். கத்தித்தான்.
மினிபஸ் கலியமூர்த்தி தலையை நீட்டினான்:
"அணைச்சா திரும்ப எடுக்காதுக்கா.
செல்ஃப் போயிடுச்சு. ஓனர் மாத்த மாட்டேங்கிறார்.
தள்ள யார் வருவா?"

இத்தனை வருஷப் புகைக்குள்
இப்படி ஒரு சின்ன மோட்டார் ஒளிந்திருக்கும் என்று
நான் நினைக்கவில்லை.

அணை, பார்த்துக்கலாம் என்றேன்.

அணைத்தான்.
என்ன தோன்றியதோ, பக்கத்து லாரி அணைந்தது.
பஸ். மீன் வண்டி.
சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப
தெரு காது திறந்தது.
யாரோ கடலை உடைத்தார்கள்.
வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது,
எப்போதும் போய்க்கொண்டிருந்திருக்கும்.
பள்ளிக்கூட வேனுக்குள்
புஸ் என்று ஒரு சத்தம்.
பத்து எண்ணுகிற இடைவெளி.
இன்னொரு புஸ்.

ஒரு குழந்தை மருந்தை உறிஞ்சி
மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது.
வேன் டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.
அவர் வண்டி மட்டும்தான் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.
கை சாவிக்குப் போனது.

ரயில் கடந்தது. தடியை ஏற்றினேன்.
மினிபஸ் சொன்னபடியே கிளம்பவில்லை.
ஆறு பேர் இறங்கித் தள்ளினார்கள்.
டியூட்டியில் இருப்பவர் இடத்தை விட்டு
நகரக்கூடாது என்பது விதி.
ஆறு பேர் என்றே
எழுதிக்கொள்ளுங்கள்.