நாள் பார்த்தல்

இருபத்திரண்டாம் மாடிக்குக் கடைசி காங்கிரீட் ஊற்றிய அன்று
லெபனான் எஞ்சினியர் ஜியாத்
என் கையில் திணித்த மரப்பெட்டியில்
ஏழு சுருட்டு இருந்தன.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்கக் காகிதம்,
புது மாப்பிள்ளை மோதிரம்போல.
"குளிர் ஆகாது. ஈரம் வேண்டும்.
சும்மா ஊதித் தள்ளாதே,
நினைவில் நிற்கும் நாளுக்கு வை" என்றார்.

முசஃபா கேம்ப், அறை பதினான்கு.
ஏசி எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்,
உதடு, குதிகால், ரொட்டி, பேச்சு.
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி
நனைத்துப் பிழிந்து பெட்டி மூலையில் வைத்தேன்.
வெள்ளிக்கிழமைதோறும் அதற்குத் தண்ணீர் காட்டுவேன்.
இந்த நாட்டில் நான் வளர்த்த ஒரே செடி அது.

சட்டம் போட்டவன் வியாகுலம்.
நாள் வந்தவன் கேட்க வேண்டும்.
மற்ற இருவரும் தலையாட்ட வேண்டும்.
ஒன்றை எடுத்து மூவரும் மாறி மாறி.
தேதியும் காரணமும் நோட்டில் எழுதுவது நான்.

மருதையன் ஐந்தாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினான்.
தலையாட்டினோம்.
பஸ் நிற்கும் மண்மேட்டில் குந்தி
முதல் சுருட்டு. இருமியே பாதி தீர்ந்தது.

வியாகுலத்தின் மகள் பிளஸ் டூவில்
ஐந்நூற்று நாற்பது எடுத்தாள்.
"இன்னும் காலேஜ் இருக்கு, வேலை இருக்கு,
இதுக்கே கொடுத்தா பெட்டி தாங்காதுடா" என்றேன்.
இரண்டு நாள் தனியாகச் சமைத்தான்.
மூன்றாம் நாள் உப்பு கேட்டு வந்தான்.

கிரிக்கெட் கோப்பையை
விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஏஜெண்டுக்குக் கட்ட நான் வாங்கிய கடன்
ஆறு வருடத்தில் வட்டியோடு முடிந்தபோது
கேட்கவே வேண்டியிருக்கவில்லை.
மருதையன் தீப்பெட்டியோடு நின்றான்.

அப்புறம் அந்த ஏப்ரல் மழை.
முற்றத்தில் முழங்கால் தண்ணீர்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு
கப்பல்போல வாசலைக் கடந்தது.
அது யாருடைய நாள் என்று தெரியாமலே
ஒன்றை எடுத்துக் கொளுத்தினோம்.

ஆக மூன்று.

நின்றுபோயிருந்த ஐந்து மாதச் சம்பளம்
ஒரே செவ்வாய்க்கிழமை வந்து விழுந்தது.
மூன்று போனும் ஒன்றாகச் சிணுங்கின.
கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன்.
மூன்றுதான் இருந்தன.
நோட்டிலும் மூன்று தேதிதான்.
மறுபடி எண்ணினேன்.
ஜியாத் எண்ணிக்கையில் தவறுகிற ஆளில்லை,
கம்பிகூட எண்ணித்தான் கட்டச் சொல்வார்.

மருதையனைப் பார்த்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
வியாகுலம் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தான்.

"போன நவம்பர் பதினேழு" என்றான்.
"கிரேன் பெல்ட் அறுந்து பலகைக்கட்டு விழுந்துச்சு.
நான் நின்ன இடத்துலதான்.
தண்ணி குடிக்க நாலடி நகர்ந்திருந்தேன்.
உங்ககிட்ட சொன்னா தூங்க மாட்டீங்க.
வீட்டுல சொன்னா கிளம்பி வான்னுவாங்க.
நீங்க குறட்டை விட்டப்புறம்
மண்மேட்டுல உட்கார்ந்து முழுசா நானே.
நெனவுல நிக்கிற நாள்னுதானே பேச்சு?
நல்ல நாள்னு நான் சட்டம் போடலியே."

முதலில் தலையாட்டியது மருதையன்.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
நான்கடி எவ்வளவு என்று
கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே
கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

நோட்டை எடுத்து,
என் கடனுக்கும் மழைக்கும் இடையே
இடுக்கி எழுதினேன். நவம்பர் 17.
காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"தாகம்னு போடு."

சம்பளத்துக்கென்று எடுத்த சுருட்டை
அன்று யாரும் கொளுத்தவில்லை.
சம்பளம் இன்னும் எத்தனையோ தடவை
நிற்கும், வரும்.
அதைத் திரும்பப் பெட்டியில் கிடத்தினேன்.
வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.
இருந்தாலும் ஸ்பாஞ்சை நனைத்தேன்.