நான்காம் நாள் பீப்பாய்

மேலங்கி சொட்டி முடியும்வரை
இஷ்பெல் எனக்கு ஊற்ற மாட்டாள்.
பிட்டன்வீம் துறைமுகத்தில் டிசம்பர்.
நாலு மணிக்கே இருட்டு,
சுவரோரம் நண்டுக்கூடைகள் நனைந்து கிடக்கின்றன.

கைப்பிடியை மூன்று முறை இழுப்பாள்,
முறைத்துக்கொண்டு நிற்கும் கதவை இழுப்பதுபோல.
கீழே நிலவறையில் பீப்பாய் செருமும்.
நுரை அவசரப்படாமல், பழுப்பாக,
காய்ந்த பாலாடை நிறத்தில் மேலே வரும்.
கறுப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டுவாள்:
அடியோரத்தில் ஒரு கீற்றுச் சிவப்பு,
இமையை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் வருமே,
அது.

அவளே காய்ச்சியது, பின்கட்டுக் கொட்டகையில்.
கருக வறுத்த பார்லி, கிராம்பு, அதிமதுரம்,
ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் மிளகு,
இன்னும் ஒன்று. அதைச் சொல்லமாட்டாள்.
போன மார்ச்சில் வந்த காய்ச்சல்
போகும்போது அவள் மூக்கையும்
கூடவே கொண்டுபோய்விட்டது.
இப்போது அவளுக்குக் கிராம்பு ஒரு சின்ன ஆணி.
மிளகு ஓர் எரிச்சல்.
அவ்வளவுதான்.
குறிப்பேட்டைப் பார்த்து எடைக்கு எடை போடுகிறாள்,
காது கேளாதவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல.
இதை அவளிடமே ஒருமுறை சொன்னேன்.
மேசை துடைக்கும் துணி
என் முகத்தில் வந்து விழுந்தது.

அதனால் எங்களைக் கேட்கிறாள்.

டோர்க்வில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.
"புதுக் கயிறு. தார். அப்புறம்
என் அண்ணன் கல்யாணத்துக் கேக்."
"கேக் நன்றாக இருந்ததா?"
"கேக் நன்றாகத்தான் இருந்தது."

கிரிசல் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள்.
கண்ணை மூடினாள், விரல்கள் மேசைமேல் அசைந்தன.
"ஒரு கீழ்ச்சுரம். கைக்கு எட்டாதது,
காலால்தான் மிதிக்க வேண்டும்."
அதை வைத்துக்கொண்டு இஷ்பெல் என்ன செய்வாள்?
ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

என் முறை.
பல் மருத்துவர் வாசலில் பெயர் எழுதும் வேலை எனக்கு.
கிராம்பு என்றால்
பயந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரிசை.
முதல் மடக்கில் அதுதான் வந்தது.
பிறகு கசப்பு, மரியாதை தெரிந்த கசப்பு.
அடிப்பிடித்த ரொட்டியின் ஓரம்.
நாக்கின் இரு கரையிலும் மிளகு நடந்து போனது.
தொண்டை தாண்டியபின்
யாரோ மறந்துவிட்டுப் போன சால்வைபோல
ஒரு சூடு.

அதற்கும் பின்னால்
ஒரு புளிப்பு.
ஊசிமுனை அளவு.
வியாழக்கிழமை திறந்த பீப்பாய், இன்று ஞாயிறு.
உள்ளே புகுந்த காற்று
தன் வேலையைத் தொடங்கிவிட்டது.
டோர்க்விலைப் பார்த்தேன். அவர் நாயைப் பார்த்தார்.
கிரிசல் கையுறையைத் தேடினாள்,
கையில் போட்டுக்கொண்டே.

"அருமை," என்றேன்.

இஷ்பெல் பேனாவை மூடினாள்.
எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை,
கோப்பைகளைப் பார்த்தாள்.
"இவர் கேக் பற்றிப் பேசி முடிப்பதற்குள்
எப்போதும் காலியாகியிருக்கும். இன்று பாதி நிற்கிறது.
நீ உன்னுடையதை இரண்டு முறை தள்ளி வைத்தாய்."

படியிறங்கிப் போனாள்.
அடைப்பானைத் தட்டும் சத்தம்.
அதன்பின் முப்பது கோப்பை போர்ட்டர்
நிதானமாகச் சாக்கடைக்குள் போகும் சத்தம்.
வாசனை எழுந்து படியேறி வந்தது.
கூடம் முழுக்கக் கிராம்பு, அதிமதுரம்,
அந்தப் பெயர் சொல்லாத இன்னொன்று.
நாய்கூடத் தலை தூக்கியது.
கீழே, அதன் நட்டநடுவில்
அவள் ஒருத்தி
வெறும் ஈரத்தில் நின்றிருப்பாள்.

முழங்கைவரை நனைந்து மேலே வந்தாள்.
அடுத்த பீப்பாய் தெளிய நாளை மாலை ஆகும் என்றாள்.
காசைத் திருப்பி வைத்தாள்,
நாணயம் நாணயமாக, ஒவ்வொருவர் முன்னாலும்.
எனக்கு மட்டும் நாற்பது பென்ஸ் குறைந்தது.

"அது அந்த அருமைக்கு," என்றாள்.