நடந்து போனோம்

நடந்து போனோம், நவம்பரில்.
கில்மோராவிலிருந்து நாற்பத்திரண்டு பேர்,
ராணிக்காக.
போங்கள் என்று பீடத்திலிருந்து சொன்னவர்
மேற்றிராணியார் ரனால்ட் மக்கேக்கன்தான்.
பிற்பாடு அவர் அதை மறுக்கவில்லை.

திரும்பியபோது ஆளுக்கொரு குதிரை.
சென்ட் லாரன்ஸுக்கு அக்கரையில்
பிரெஞ்சுக்காரர் கலகம் படுத்துவிட்டது,
அவர்கள் கூரைகளும்தான்.
எங்களைப் போலவே
மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகள்.
நான் எரித்தது இரண்டு.
மூன்றாவதில் காற்று எனக்கு முந்திக்கொண்டது.
அன்றிரவு வயிறாரக் கறி தின்றோம்.

ஞாயிறு பூசைக்குக்
கோவில் வேலி நெடுகக் கட்டி வைத்தோம்.
மனிதர் பீடத்துக்குப் போகவில்லை.
பூசை உடுப்போடு பனியில் இறங்கி
எண்ணத் தொடங்கினார்.
முப்பத்தெட்டில் நிறுத்திவிட்டார்.

அவர் பிறந்த மலைநாட்டில்
பூசை வைப்பதே குற்றம் அந்தக் காலத்தில்.
இரசப் பாத்திரத்தை
ஓட்ஸ் மாவுப் பீப்பாய்க்குள் புதைத்த வீடு.
ஒரு நாள் சிப்பாய்கள் வந்து
உத்தரத்தில் தீ வைத்தார்கள்.
எத்தனையோ பிரசங்கத்தில் சொன்ன கதை.
அன்றைக்குச் சொல்லவில்லை.

என் சிவலையின் முன் நின்று
"பேரென்ன இதற்கு?" என்றார்
எங்கள் கேலிக் மொழியில்.
தெரியாது.
ஒன்பது நாளாய் "ஏய்" என்றே ஓட்டியிருந்தேன்.

பாரிஸ் குருமடத்தில் படித்தவர்.
காதருகே குனிந்து
பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.
இரண்டு செவியும் நிமிர்ந்தன.
அவர் தோளில் அது தாடையை வைத்துக்கொண்டது,
சரிகையெல்லாம் எச்சில்.

யாருக்கும் நன்மை கொடுக்கவில்லை அன்று.
ஆறு உறையட்டும், என்றார்.

உறைந்தது.
எழுபது வயதில்
கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தார்.
கூடப் போனவன் நான் ஒருவன்.
மற்றவர்கள் குதிரையை
மச்சான் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள்.
நடு ஆற்றில் பனிக்கட்டி முனகியது.
அவர் ஜெபமாலையை எடுப்பார் என்று நினைத்தேன்,
மூக்கைச் சிந்திவிட்டு நடந்தார்.

அக்கரையில் புகைபோக்கி மட்டும் நின்ற வீடு.
சாக்குப் படுதாவை விலக்கி
ஒரு பெண் வெளியே வந்தாள்.
கயிற்றை வாங்கவில்லை.
குதிரையைப் பார்த்தாள்,
பிறகு என் பூட்ஸை,
ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

மேற்றிராணியார் என் பக்கம் திரும்பினார்.
மொழிபெயர்க்க அவருக்குக்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

"குதிரை சரி.
பசு எங்கே என்று கேட்கிறாள்."