எட்டாம் நாள்

வெள்ளிச்சந்தை தாண்டியதும்
பின்சக்கரம் குழைந்தது.
வண்டி நெளிந்த நெளிவில்
இரண்டு சாக்கும் சாய்ந்து
என் முதுகில் இடித்தன.
நாற்பத்தெட்டு கிலோ வெண்கூடு.
எட்டாம் நாள்.

போன வாரம் விலை படுத்துக்கிடந்தது.
எழுந்திருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.
உள்ளே இருக்கும் பூச்சிக்கு
விலை நிலவரம் தெரியாது.
இன்னும் இரண்டு ராத்திரி,
எச்சில் விட்டு நனைத்து
முட்டிக்கொண்டு வந்துவிடும்.
துளை விழுந்த கூட்டை
தருமபுரி அங்காடியில்
கையில்கூட எடுக்கமாட்டார்கள்.

நேற்று பங்க்கில் காற்றடித்த பையன்
மீட்டரைக் காட்டினான். முப்பத்தாறு.
முள் ஏறியதைப் பார்த்தேன்.
டயரைப் பார்க்கவில்லை.

டீக்கடை முன்னால் ஒரு கல் லாரி.
மேலே ஒரே ஒரு பாறை,
சங்கிலி போட்டுக் கட்டியது.
சாம்ராஜ்நகர்க்காரர், ருத்ரப்பா,
நான் கேட்பதற்கு முன்பே
பிரேக் டாங்கிலிருந்து ஓஸை இழுத்துவந்து
வால்வில் வைத்து அழுத்தினார்.
சீறியது.
டயர் அசையவில்லை.
காற்று மொத்தமும் அவர் விரலிடுக்கில் திரும்பி
லுங்கியை உப்பவைத்தது.
டீக்கடைக்காரி சிரித்துவிட்டாள்.
"பஞ்சர் இல்லம்மா, அடைப்பு" என்றார்
பாதித் தமிழில்.

அடைப்பு என்றதும் தெரிந்துவிட்டது.
ஓசூர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்
நஞ்சுண்டன் ஒரு பாட்டில் பஞ்சர் ஜெல்லை
இந்த வாய் வழியாகத்தான் பிதுக்கினான்.
"இனிமே முள்ளு ஏறினாலும் காத்து போகாது."
போகவில்லைதான்.
வரவும் இல்லை.

மூன்று தடவை போன் அடித்தேன்.
மெஷின் முன்னால் நிற்பான், எடுக்கமாட்டான்.

சாக்குகளை இறக்கினோம்.
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில்
பத்து ரூபாய்க்கு வாங்கிய பித்தளை மூடி,
அழகுக்கென்று நினைத்திருந்தேன்.
தலையில் சிறு பிளவு அதற்கு.
கவிழ்த்துச் செருகினால்
வால்வு ஊசியின் இரண்டு தோளையும் கவ்வியது.
வழுக்கியது.
துப்பட்டா முனையைச் சுற்றித் திருகினேன்.
அரைச் சுற்று. அப்புறம் முரண்டு.
அப்புறம் தானாகவே சுழன்று வந்தது,
உடம்பெல்லாம் பச்சைப் பிசினோடு.

ஊக்கை விட்டுக் குத்தினேன், வளைந்தது.
சாக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த
சந்திரிகை மூங்கில் சிம்பு ஒன்று,
புழு கூடு கட்ட ஏறிய அதே தட்டின் சிம்பு,
அதுதான் போயிற்று.
குடைந்தேன். துணுக்குத் துணுக்காக வந்தது.
கடைசியில் மிளகளவு கட்டி ஒன்று தெறித்தது,
பின்னாலேயே
டயருக்குள் மிச்சமிருந்த காற்று
என் முகத்தில்.
ஜெல் நாற்றம், ரப்பர் நாற்றம்,
ஓசூரில் அவன் அடித்த காற்று.
கண்ணை மூடிக்கொண்டேன், தூசு விழுமே என்று.

ஊசியை வெந்நீர் கிளாசில் போட்டுக் கழுவி
மூடியாலேயே இறுக்கினேன்.
ருத்ரப்பா மறுபடி ஓஸை வைத்தார்.
இந்தத் தடவை சீறவில்லை.
சக்கரம் மெல்ல
நிமிர்ந்து உட்கார்ந்தது.
"ஸாகா?" என்றார்.
சாக்கைக் கேட்கிறார் என்று நினைத்து
"ரெண்டுண்ணா" என்றேன்.
அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.
"போதுமான்னு கேக்கறாரு" என்று
உள்ளேயிருந்து கத்தினாள் டீக்கடைக்காரி.
போதும், போதும்.

விரலில் எச்சில் தொட்டு
வால்வின் வாயில் வைத்தேன்.
ஒரு சொட்டு, வெயில் பட்டு மின்னியது.
குமிழி வருமா என்று
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
வரவில்லை.

தராசில் சாக்கு ஏறும்போது
நஞ்சுண்டன் கூப்பிட்டான்.
"என்ன, மூணு தடவை?"
"காத்து இறங்கிடுச்சு."
"ஜெல் போட்டிருக்கேனே."
"போட்டிருக்க."
பக்கத்தில் ஒரு வியாபாரி
என் கூடு ஒன்றை எடுத்து
காதோரம் வைத்து ஆட்டினார்.
உள்ளே பூச்சி கடகடத்தது.
"என்ன சத்தம்?" என்றான் போனில்.
"விலை" என்றேன்.
"அப்புறம் பேசறேன், இரு."