நாற்பத்தேழாம் வீடு

செங்காங், பதினோராம் மாடி.
படத்தின் ஓரத்தில், மூங்கில் கழியில்
யாருடையதோ ஒரு பள்ளிச் சீருடை காய்கிறது.
அதற்கு மதிப்பெண் இல்லை.

பதினைந்து நிமிடம்.
பொம்மைப் பெட்டி நாங்கள் கொண்டுபோனது.
"வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க"
என்று சொல்லிவிட்டு
அந்நியர் இரண்டு பேர் கேமராவோடு
அவர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

நாலாவது நிமிடம்
ருத்ரன் கட்டைக் கோபுரத்தைத் தட்டிவிடுகிறான்.
"அடப் போடா கழுதை" என்கிறாள் அம்மா.

ஸின் யீ நாலு போட்டிருந்தாள்.
நான் ஏழு.
ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால்
இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும். விதி.

மொழிபெயர்ப்புத் தாளில் அந்தக் கழுதை
நாலு காலோடு நின்றுகொண்டிருந்தது.
"இது திட்டு இல்லை."
"பிறகு?"
பிறகு என்ன என்று சொல்வதற்குள்
சாப்பாட்டு நேரம் போய்விட்டது.
எங்கள் வீட்டில் கோபம் வந்தால் "வாங்க மேடம்" என்பார்கள்,
மரியாதை கூடினால் ஓடி ஒளிவோம் என்றேன்.
சிரித்தாள். அவள் அம்மா அவளை
இன்றைக்கும் பன்றிக்குட்டி என்றுதான் கூப்பிடுகிறாராம்.
ஆனாலும் நாலை அழிக்கவில்லை.

அவள்தான் சொன்னாள்:
சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம்.

மின்விசிறி சுற்றுகிறது.
கட்டைகள் விழுகின்றன. உதடு அசைகிறது.
கழுத்தில் கழற்ற மறந்த வேலை அட்டை.
பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்,
தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு
ஜன்னலைப் பார்க்கிறான்.
மூன்று விநாடி.
ஏழு போட்டபோது நான் பார்க்காத
மூன்று விநாடி.

அடுத்த கட்டையை நீட்டப் போனவளின் கை
பாதியில் நிற்கிறது.
நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை.
மின்தூக்கி வரட்டும் என்று நிற்பவள் மாதிரி
சும்மா இருக்கிறாள்.

அவன் திரும்புகிறான்.
கட்டையை விட்டுவிட்டு
அவள் விரலைப் பிடித்துக் கடிக்கிறான்.
அவள் வாய் பெரிதாகத் திறக்கிறது. என்ன சொன்னாளோ,
இந்தத் தடவை எனக்கும் தெரியாது.

ஸின் யீ ஆறு என்று திருத்தினாள்.
நான் எண்ணை மாற்றவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
"செல்லமாகப் பேசுகிறார்" என்றிருந்ததை அடித்துவிட்டு
"கை" என்று எழுதினேன்.

முழு வாக்கியமாக எழுதவும் என்று
தாள் திரும்பி வந்திருக்கிறது.
இன்றோடு இரண்டு நாள்.