வளைவுக் கண்ணாடி

குன்னூரில் எனக்கு சீசன் டியூட்டி,
மார்க்கெட்டுக்கு மேலே அந்த வளைவில்.
வண்டி நிற்கக் கூடாது, அது உத்தரவு.
ஒன்று நின்றால் பர்லியார் வரை நிற்குமாம்.

மூன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் விடும்.
நடைபாதை இருந்த இடத்தில்
வெளியூர்க் கார்கள் மூக்கைச் சுவரில் இடித்து நிற்க,
பிள்ளைகள் சாக்கடை மூடிமேல் வரிசையாய் வருவார்கள்.
ஒரு மூடி ஆடும். ஒரு மூடி இல்லை.
எது இல்லை என்று அவர்களுக்கு மனப்பாடம்.

ஜெசிந்தா, மூன்றாம் வகுப்பு,
கம்பத்துக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:
"இதுல நான் ஏன்க்கா இல்ல?"

அவள் உயரத்துக்குக் குனிந்தேன். தொப்பி விழுந்தது.
கண்ணாடியில் யூகலிப்டஸ் உச்சி,
லாட்ஜ் போர்டு,
பஸ் கூரைமேல் கட்டிய பெட்டிகள்.
லாரிக்காரன் கண்ணுக்கென்று யாரோ மாட்டியது.

இரவு ஒன்பதுக்கு
வயர்மேன் ஆல்துரையிடம் ஏணி கேட்டேன்.
எதற்கென்று கேட்கவில்லை,
அவன் மகளும் அந்த மூடிமேல்தான் வருகிறாள்.
நட்டெல்லாம் துரு.
மண்ணெண்ணெய் விட்டுத் திருகி
நாலு விரல் கீழே சாய்த்தோம்.

மறுநாள் மூன்றே முக்காலுக்குக்
கண்ணாடி முழுக்க நீல ஸ்வெட்டர்.
மேட்டுப்பாளையம் பஸ் தானாக நின்றது.
பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் ஹாரன்.
விசில் என் வாயில்தான் இருந்தது.
ஊதவில்லை.

"யாரு கை வெச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"காத்து, சார்."
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கழுத்துவரைதான் தெரிந்தார் அதில்.

அந்த ஒரு மூடி மட்டும்
இன்னும் போடவில்லை.