அரைப் புள்ளி

திருநகர் கல்யாண மண்டபத்தில்
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளை
இன்னும் யாரும் பிய்க்கவில்லை.
மணமகள் பேரின் முதலெழுத்து மட்டும் விழுந்து
நடுவர் மேசைக்கடியில் கிடந்தது.
கடைசிச் சுற்று. ஒன்பதாம் மேசை.
எனக்கு வெள்ளை.

எதிரே துவாரகநாத்,
தெற்கு மாசி வீதியில் பல்செட் செய்கிறவர்.
நகக்கண்ணில் பிளாஸ்டர்.
என் நகக்கண்ணில் இட்லி மாவு.
கைகுலுக்கியபோது
யாருடையது யாரிடம் போனதோ.

மூன்று மாதம் சிசிலியன் படித்திருந்தேன்.
அவர் வேறெதுவும் ஆடியதில்லை.
கிரைண்டர் ஓடும் நாற்பது நிமிடத்தில் ஒரு கிளை,
மாவு தள்ளிவிட எழும்போது
குதிரை மனசுக்குள் தூக்கிய காலோடு நிற்கும்.

ராஜா முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.
அவரும் அதையே தள்ளினார்.
நேருக்கு நேர்.
மூன்று மாதமும் அங்கேயே முடிந்தது.

குதிரையால் அவர் சிப்பாயைக் குறிவைத்தேன்.
அவர் அதைக் காப்பாற்றவில்லை.
தன் குதிரையால் என் சிப்பாயைக் குறிவைத்தார்.
பெட்ராஃப்.
நீ என் வாசலில் குப்பை கொட்டினால்
உன் வாசலில் நான் கொட்டுவேன் என்று
ஜெய்ஹிந்த்புரம் சந்துகளில்
தினம் காலை ஆடுகிற ஓப்பனிங்.
ஏழாம் நகர்வில் ராணிகள் இரண்டும்
பலகைக்கு வெளியே படுத்துவிட்டன.

அப்புறம் மூன்றரை மணி நேரம்.
கரண்டு போய், வந்தது.
பக்கத்து மேசைப் பையன் தோற்றுவிட்டு
எங்கள் பலகையைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.
கடைசியில்
அவர் மந்திரி கறுப்புக் கட்டங்களில்,
என் மந்திரி வெள்ளையில்:
ஒரே தெருவில் புழங்கியும்
ஒருவர் படியை ஒருவர் மிதிக்காத பங்காளிகள்.
"டிரா?" என்றார்.
ஜெயித்தால் ஆயிரத்து ஐந்நூறு.
கிரைண்டருக்கு பெல்ட், மிச்சத்துக்கு உளுந்து.
என் கடிகாரத்தில் நாலு நிமிடம்.
கை நீட்டினேன்.

வெளியே வடைக்கடை பெஞ்சில்
காந்தப் பலகையை விரித்தார்.
"நீங்க சிசிலியன் படிக்கிறது தெரியும்.
அதான் மூணு மாசமா இதைப் படிச்சேன்."
முப்பத்தொன்றாம் நகர்வில் விரல் நின்றது.
"இந்தச் சிப்பாயைத் தள்ளியிருந்தா நான் காலி."
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அந்தச் சிப்பாயையே பார்த்தோம்.
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

பஸ்ஸில் அதை எத்தனை தடவை தள்ளினேனோ,
பழங்காநத்தம் தாண்டியது தெரியவில்லை.

கதவைத் தட்டினேன்.
உள்ளேயிருந்து தம்பி, பாதித் தூக்கத்தில்:
"என்னக்கா?"
"அரை" என்றேன்.
"உளுந்து இன்னும் ஊறலையே."